வலதுபக்க ஸ்பீக்கர்

ஜூன் 4

டாக்டர் அவர்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். நேற்று நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். "ம்", "சரி சரி", "லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்பதைத் தவிர மூன்று முறையும் உங்கள் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. இனி போன் வேண்டாம். நீங்கள் செய்தாலும் எடுக்க மாட்டேன். போனில் உங்களால் 'ம்' கொட்டித் தப்பித்துவிட முடிகிறது. கடிதத்தில் 'ம்' என்று மட்டும் எழுதி ஸ்டாம்பு ஒட்ட உங்களுக்கே வெட்கமாக இருக்கும். அதனால் எழுதுங்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னேன். பத்து நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னது அது. நீங்கள் கண்ணைக்கூடத் திறக்காமல் ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினீர்கள். அதுதான் பதில் என்றால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். இல்லை என்றால், நான் சொன்னதற்கு என்ன பதில் என்று எழுதுங்கள், அடுத்த ரயிலில் வருகிறேன். இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபிரிட்ஜில் மூன்று நாளைக்குச் சமைத்து வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் ஸ்டீரியோ திட்டத்தை நான் தொடவில்லை. கிழிக்கலாம் என்று கை போனது உண்மை.

இப்படிக்கு,
முப்பத்தோரு வருஷம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துப் போன மாதம் ஓய்வு பெற்றவள்


ஜூன் 8

அம்மணிக்கு,

இதென்ன புதுக் கூத்து? கட்டின புருஷனுக்கு 'டாக்டர் அவர்களுக்கு' என்று கடிதம். கிளினிக்கில் என் நர்ஸம்மா உறையைப் பார்த்துவிட்டு, யாரோ பல்வலிக்காரர் எழுதியிருக்கிறார் என்று மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டார்.

நீ சொல்லி நான் கேட்காமல் இருப்பேனா? நன்றாகக் கேட்டேன். நிதானமாக யோசித்துப் பதில் சொல்லலாம் என்றுதான் கையை அப்படி வைத்தேன். இதோ பதில்: தாராளமாகச் செய்யலாம். ஹால் ஜன்னலுக்குப் புதுத் திரை போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கலர் உன் இஷ்டம். ஆக, எந்த ரயில்?

போன் விஷயத்தில் என்னைக் குற்றம் சொல்லாதே. அந்தக் கருவிக்கே வயதாகிவிட்டது. உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. அதையும் மாற்ற வேண்டும், ஆனால் ஸ்டீரியோ முடியட்டும்.

ஸ்டீரியோவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. திட்டப்படி ஒவ்வொரு படியாகத்தான் போகிறேன். நோயாளிகளிடம் நான் சொல்வதுதான், எல்லாப் பல்லையும் ஒரே சிட்டிங்கில் பார்க்கக்கூடாது. ரெக்கார்டு பிளேயருக்குப் புது ஊசி முதல் படி, முடிந்தது. வயர்கள் இரண்டாவது, அதுவும் முடிந்தது. ஆம்ப்ளிஃபையர் மூன்றாவது, ஸ்பீக்கர்கள் நான்காவது. கடைசியில் அறையையே சத்தத்துக்குத் தோதாக மாற்றுவது ஐந்தாவது. ஆனால் ஒரு தொல்லை இருக்கிறது. வலதுபக்க ஸ்பீக்கர் சோர்ந்து கிடக்கிறது. வயலின், தபேலா, பாடுகிற ஆள் எல்லாரும் இடதுபக்கமே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வலதுபக்கம் காலி. ஊசி மாற்றியும் போகவில்லை, வயர் மாற்றியும் போகவில்லை.

ஸ்டீரியோ கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் நடுவில் நின்று கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு டாக்டர்" என்கிறார். பாவம், நாற்பது வருஷம் கடையில் சத்தத்துக்கு நடுவே இருந்த மனுஷன், காது போய்விட்டது. மனசு நோகக்கூடாது என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று வந்திருக்கிறதாம், அதைப் போட்டால் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் சாப்பாடு மூன்று நாள் வரவில்லை, இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 12

டாக்டர் அவர்களுக்கு,

ஜன்னல் திரையா? திரை மாற்றுவதைப் பற்றிப் பேச ஒரு பெண்பிள்ளை பத்து நாள் தைரியம் சேர்ப்பாளா? உங்கள் கடிதத்தை நம் பெண்ணிடம் காட்டினேன். அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் சொன்னதை நீங்கள் காதில் வாங்கவே இல்லை என்பது இப்போது ஊர்ஜிதமாகிவிட்டது. கேட்டு 'முடியாது' என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நேற்று அந்தப் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தைப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் ஆசிட் புட்டிகளையும் உப்பு டப்பாக்களையும் கலந்து வைத்திருக்கிறார்கள். கை பரபரத்தது.

ஸ்பீக்கர் விஷயம் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு சோதனை தப்பான முறையில் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உங்கள் மேல் உள்ள பிரியத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். புதிது புதிதாக வாங்கிக்கொண்டே போனால் கோளாறு எங்கே என்று எந்தக் காலத்திலும் தெரியாது. இருப்பதையே இடம் மாற்றிப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஒன்றுதான். முதலில் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் வலது வயரை இடதிலும் இடது வயரை வலதிலும் செருகுங்கள். சோர்வு இடதுபக்கம் போனால் ஆம்ப்ளிஃபையரில் கோளாறு. போகாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளை இடம் மாற்றுங்கள். அதற்கும் போகாவிட்டால் அந்த இரண்டு வயர்களையே மாற்றிப் போடுங்கள். ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

ஆய்வுக்கூடத்துக்காரி


ஜூன் 16

அம்மணிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன், எழுதியும் வைத்தேன். ஆம்ப்ளிஃபையரில் மாற்றிச் செருகினேன்: சோர்வு வலதுபக்கமே. பெட்டிகளை இடம் மாற்றினேன், அதில் ஒன்று என் கால் கட்டைவிரல் மேல் இறங்கியது: சோர்வு வலதுபக்கமே. வயர்களை மாற்றினேன்: அப்போதும் வலதுபக்கமே. கட்டைவிரல் மட்டும் இடதுபக்கம்.

ஆக, கண்டுபிடித்துவிட்டேன். கோளாறு சுவரில்! வலதுபக்கச் சுவர்தான் சத்தத்தை விழுங்குகிறது. அதற்குப் பின்னால் குளியலறைக் குழாய் போகிறதல்லவா? திட்டத்தில் ஐந்தாவது படியை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

இன்னொன்று. அன்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்துக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னாய். சரிசெய்தாகிவிட்டது, நானே பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். இனி நீ வர என்ன தடை?

தினமும் முட்டை சாப்பிடுகிறேன். நர்ஸம்மா என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 19

டாக்டர் அவர்களுக்கு,

கொத்தனாரைத் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சுவர் ஒரு பாவமும் அறியாது.

குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னது மார்ச் மாதம். மூன்று தடவை சொல்லிப் பார்த்து, நான்காவது தடவை துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். அந்தச் சீட்டு இப்போது அகப்பட்டிருக்கும், அதைத்தான் ஞாபகம் என்கிறீர்கள். வாயால் சொன்னது எதுவும் உங்களிடம் நிற்பதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் பேசினால் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர்தான் நீங்கள். இப்போது மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அழுகை வருகிறது, எழுதவே பிடிக்கவில்லை.

சோதனையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எதையும் தொடாதீர்கள். நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். சுவரில் கோளாறு என்றால், குளியலறைப் பக்கத்து ஸ்பீக்கரே அப்போதும் சோர்ந்து இருக்க வேண்டும். என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை மறுபடி ஆள் அனுப்பினார். முப்பதாம் தேதி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் என்னாலும் பொறுக்க முடியாது.

ஆய்வுக்கூடத்துக்காரி


ஜூன் 22

அம்மணிக்கு,

தலையே சுற்றுகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். குளியலறைப் பக்கத்து ஸ்பீக்கர், இத்தனை நாள் செத்துக் கிடந்தது, கும்மென்று பாடுகிறது. நன்றாக இருந்த ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர் படுத்துவிட்டது. மறுபடி நேராக உட்கார்ந்தேன், ஜன்னல் பக்கத்தது பிழைத்துக்கொண்டது, குளியலறைப் பக்கத்தது போய்விட்டது. நான்கு தடவை திரும்பித் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு மாறி மாறி என்னை ஏமாற்றுகின்றன.

சுவர் தப்பித்தது. இரண்டு ஸ்பீக்கருக்குமே நோய் முற்றிவிட்டது என்பது என் தீர்மானம். இனிப் படிப்படி எல்லாம் கிடையாது. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதுசு கட்டப்போகிறேன். கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் சந்தோஷத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் மாற்றுகிற உற்சாகம் ஏனோ எனக்கு வரவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ அன்று என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. திரையும் குழாயும் குருட்டாம்போக்கில் அடித்தது. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. கையை ஆட்டியது, வலதுபக்கம் ஒன்றும் கேட்கவில்லையே என்ற எரிச்சலில். ஏழெட்டு மாதமாகவே நீ என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஏதோ கோபம் போலிருக்கிறது, தானாகத் தணியட்டும் என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். என்னவோ, நீ பேசாமல் போனதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 24, அவசரத் தபால்

ஏங்க,

எதையும் வாங்காதீர்கள். கடைக்காரரிடம் இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து, கல்லூரியில் செய்வதுபோல் கட்டம் போட்டு எழுதினேன். ஊசி மாறியது, வயர் மாறியது, பெட்டிகள் இடம் மாறின, கடைசியில் நாற்காலியும் திரும்பியது. கோளாறு மட்டும் ஒவ்வொரு தடவையும் உங்கள் வலதுபக்கமே வந்து நின்றது. இத்தனையிலும் மாற்றாமல் வைத்தது ஒன்றுதான், அது உங்கள் சட்டைக் காலருக்கு மேலே இருக்கிறது. உங்கள் வலது காது போய்விட்டதுங்க.

போனை எந்தக் காதில் வைக்கிறீர்கள்? வலது. சாப்பாட்டு மேஜையில் நான் உட்காருவது உங்களுக்கு எந்தப் பக்கம்? ஹாலில் இடதுபக்கம் ரெக்கார்டு பிளேயர் மேஜை இருப்பதால் நான் ஸ்டூலைப் போடுவது எந்தப் பக்கம்? நானோ சத்தமாகப் பேசத் தெரியாதவள். முப்பது வருஷமாக வலது கையில் டிரில்லைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் வாய்க்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், காது என்ன இரும்பா? ஏழெட்டு மாதமாக நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். நான் பேசவில்லை என்று நீங்களும், நீங்கள் மதிக்கவில்லை என்று நானும். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது? கட்டத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன், பிறகு சிரித்தேன், நம் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று நான் சொன்னதை எழுதிவிடுகிறேன். "ரிட்டையர் ஆயிட்டேன். நாளெல்லாம் இந்த வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்களும் மத்தியானத்தோட கிளினிக்கை மூடிட்டு வந்துடுங்களேன். மிச்ச நாளை ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம்." இதுதான். முடியும் முடியாது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் காது டாக்டரிடம் முதலில் போங்கள்.


ஜூன் 26

அம்மணிக்கு,

என் காதா? நன்றாக இருக்கிறது கதை. அடுத்த அறையில் நோயாளி வலியை அடக்கிக்கொண்டு மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். அந்த அறை இடதுபக்கம் இருப்பது வேறு விஷயம்.

உன் வாயை அடைக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்தேன். டிக் டிக் என்று அழகாக ஓடியது. வலது காதில் வைத்தேன், நின்றுவிட்டது. கடிகாரக் கடைக்குப் போய்ப் பேட்டரி மாற்றினேன். மறுபடி வலது காதில் வைத்தேன், அப்போதும் நின்றே இருந்தது. கடைக்காரப் பெண்ணைக் கோபித்துக்கொண்டேன். அவள் கடிகாரத்தை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள், பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டீரியோவைப் போடவில்லை.


ஜூன் 28

அம்மணிக்கு,

காது டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் கடைவாய்ப்பல் பிடுங்கிய அதே ஆள்தான். "வலிக்காதுன்னு சொன்னீங்களே டாக்டர், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே காதுக்குள் குழாயை விட்டார். வலது காது நரம்பு தளர்ந்துவிட்டதாம், இனித் திரும்பாதாம். இடது காது நன்றாக இருக்கிறதாம். கருவி வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும் என்கிறார். திரும்பி வரும்போது கடைக்காரரைப் பார்த்து, காது போனவர் என்று நினைத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்ன விஷயத்தைக் கேட்டதும் சாமான்களை மறுபடி அலமாரியில் ஏற்றினார். பிறகு வீட்டுக்கே வந்து, என் பழைய ஆம்ப்ளிஃபையரிலேயே ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு பக்கச் சத்தமும் கலந்து இடதுபக்க ஸ்பீக்கரிலேயே முழுசாக வருகிறது. ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு வயலினும் தபேலாவும் முழுசாகக் கேட்டேன். அந்தப் பொத்தான் வாங்கிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த திட்டத்தைக் கிழித்துவிட்டேன். ரெக்கார்டு பிளேயர் மேஜையை வலதுபக்கம் தள்ளிவிட்டு, என் இடதுபக்கம் உனக்கு நல்ல நாற்காலி போட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேஜையிலும் என் தட்டு எதிர்மூலைக்குப் போய்விட்டது.

இனி உன் கேள்வி. நேற்று கிளினிக் வாசலில் ஒரு பலகை மாட்டினேன்: 'பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் டாக்டர் இருக்க மாட்டார்.' நர்ஸம்மா இரண்டு தடவை படித்துவிட்டு, எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் ஆள் வருகிறது என்று சொன்னேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. முப்பது வருஷமாக வாயைத் திறக்கச் சொல்லித்தான் பழக்கம், பேச விட்டுப் பழக்கம் இல்லை. அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னதை, இடதுபக்க நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல். வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்

இன்னொன்று: காதுக் கருவியில் நான்கு வகை இருக்கிறதாம். சாதாரணமானதில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலே போகலாம் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.


ஜூலை 1

ஏங்க,

நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெறுங்கையோடு வர மனசு வரவில்லை. அரைநாள் உட்கார்ந்து அந்த ஆசிட் புட்டிகளைப் பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள், பெட்டி கனமாக இருக்கிறது.

இடதுபக்கம் நாற்காலி போட்டதில் சந்தோஷம். பலகையைப் பற்றி நீங்கள் எழுதியதை நம் பெண்ணிடம் படித்துக் காட்டப் பார்த்தேன், பாதிக்கு மேல் முடியவில்லை. அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

கருவி வாங்குங்கள், படிப்படியாகவோ மொத்தமாகவோ உங்கள் இஷ்டம். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் அதைக் கழற்றி வைக்க வேண்டும். இதை நிபந்தனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு மாதமாக உங்கள் வலதுபக்கம் உட்கார்ந்து உங்களையும், உங்கள் அம்மாவையும், உங்கள் ஸ்டீரியோவையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். நீங்களும் சிரித்த முகத்தோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். இப்படி ஒரு புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்? இடதுபக்கம் உங்கள் மனைவி உட்காரட்டும். வலதுபக்கத்தை எனக்கு விட்டுவிடுங்கள்.